படுத்தபடியே கொண்டு செல்லப்பட்ட செல்வக்குமார் குறித்து நான் கூறுவது

தேதி: 12.08.2003, செவ்வாய்க்கிழமை. நேரம்: முற்பகல் 11.20.

பெயர்: பத்மாசினி. வயது: 72. கணவர் பெயர்: காலஞ்சென்ற லட்சுமிநாராயணன், எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முகவரி: கதவு எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு, விளாங்குடி, மதுரை.

நான் மேற்கண்ட முகவரியில் சொந்த வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். உதவி ஆய்வாளர் திரு. சுருளிவேல் அவர்கள் என்னை விசாரிக்க, நான் சொல்வது பின்வருமாறு.

முதலில் ஒரு திருத்தம். பிணத்தைக் காட்டிக் காவல்துறையின் தடுப்பை நான் கடந்துவிட்டேன் என்று நிலையத்து வாசலில் நிற்கும் கூட்டம் பேசுவதை என் காதாலேயே கேட்டேன். அது தவறு. நான் கொண்டு சென்றது என் வீட்டு மாடியில் குடியிருக்கும் உக்கிரபாண்டி, முனீஸ்வரி தம்பதியின் மகன் செல்வக்குமாரை. அவன் உயிரோடும் முழு ஆரோக்கியத்தோடும் இருந்தான், இப்போதும் இருக்கிறான். பிணம் போல நடிக்கும்படி அவனிடம் எவரும் சொல்லவில்லை. அசையாமல் படுத்திருக்கும்படி மட்டுமே நான் சொன்னேன். கணவர் போன பிறகு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் ஒருவர் சொன்னார். என் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பேதலிப்பதாக இருந்தால் அதற்குள் தெரிந்திருக்கும்.

செல்வக்குமார் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வெங்காய மண்டியில் மூட்டை இறக்கும் வேலை செய்து வருகிறான். பதினேழு வயது முதல் ராணுவத்தில் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவன் என்னிடம் பேசியதில்லை. ஒரு மைல் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுவான். மார்பளவு 78, மூச்சை இழுத்தால் 84. எடையிலும் குறையில்லை. உயரம் 166 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தொல்லை அங்கேதான்.

என் கணவர் வேலைக்காக வாங்கி, முறைப்படி முத்திரை இடப்பட்ட ஒரு மீட்டர் அளவுகோல் என் வீட்டில் இருக்கிறது. இரு முனைகளிலும் பித்தளைப் பூண் போட்டது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போகிற பையன்கள் எங்கள் பகுதியில் தங்கள் உயரத்தைத் தெரிந்துகொள்ள என்னிடம்தான் வருவார்கள். அவர்கள் பயிற்சி எடுக்கும் இடத்தில் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்கள்; கோடு போட்ட பிறகு தரைக்கு ஓடு பதித்துவிட்டார்கள். ஓட்டின் கனம் அளவுக்கு அங்கே எல்லோரும் உயர்ந்துவிட்டார்கள். அதை நான் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து அந்த இடத்து மாஸ்டர் என்னோடு பேசுவதில்லை.

சென்ற ஆண்டு ஆள் சேர்ப்பு முகாமுக்கு முந்தின நாள், மாலை ஆறு மணிக்கு, செல்வக்குமார் வேலை முடிந்து நேராக என்னிடம் வந்தான். என் வீட்டுக் கதவு நிலையில் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் கோலை வைத்து அளந்தேன். 165.3 இருந்தது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதுவே இருந்தது. குறைவு என்றால் குறைவுதான், போய் அவமானப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவன் போகவில்லை. நண்பனிடம் இரவல் வாங்கி வைத்திருந்த ஓட்டக் காலணியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதே மாலை நான் அளந்து 165.2 என்று சொன்ன அடுத்த தெருப் பையன் என் பேச்சைக் கேட்காமல் மறுநாள் காலை போய்த் தேர்வாகிவிட்டான். அவனுடைய தாயார் எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். முகாமின் அளவு தவறு என்று நான் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வரவில்லை.

அதன் பிறகு நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் எழுந்தவுடன் என் கணவரின் படத்துக்கு மாலை போட்டேன். ஆணி கைக்கு எட்டியது. அன்று மாலை வாடிய பூவை எடுக்கப் போனேன். அதே ஆணி, அதே கை, எட்டவில்லை. உடனே என்னை நானே அளந்தேன், மறுநாள் காலையும் அளந்தேன். காலையில் 151.0, மாலையில் 149.9. ஒரு வாரம் தொடர்ந்து அளந்தேன். படுத்து எழுந்ததும் மனிதன் உயரமாக இருக்கிறான். நிற்க நிற்க, சுமக்கச் சுமக்கக் குறைந்துபோகிறான். அளவுகோல் தவறவில்லை. நாள் முழுவதும் மூட்டை இறக்கியவனை மாலை ஆறு மணிக்கு அளந்தவள் நான்தான். அடுத்த ஒரு வாரம் நான் யாரையும் அளக்கவில்லை.

அதன் பிறகு மாடிக்குப் போய்ச் செல்வக்குமாரிடம் இதை உள்ளபடி சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "பரவால்லம்மா, அடுத்த வருசம் இருக்குல்ல" என்றான். அந்த அடுத்த வருடம் இதுதான். வருகிற செப்டம்பர் 3-ஆம் தேதி அவனுக்கு இருபத்தொரு வயது முடிகிறது. அதற்கு மேல் சிப்பாய் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். இந்த முகாமை விட்டால் அவனுக்கு வேறு முகாம் இல்லை.

இந்த மாதம் ஐந்து நாட்கள் அவன் எழுந்தவுடன் அளந்து பார்த்தேன். 166.3-க்குக் குறையவில்லை. எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடினால் 165.8. ஆகவே விளாங்குடியிலிருந்து இன்று முகாம் நடக்கும் மைதானம் வரை அவன் நிற்காமலும் உட்காராமலும் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு என்னுடையது. அவனுடையது அல்ல, அவன் தாயாருடையதும் அல்ல.

அவன் நண்பர்கள் வேறு வழி சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "மண்டையில பூரிக்கட்டையால நாலு போடு போட்டா ஒரு சென்டி வீங்கிரும்மா. பாதிப் பேரு அப்புடித்தான் போறாய்ங்க" என்றார்கள். என் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று அனுப்பிவிட்டேன். வீக்கம் அவனுடைய உயரம் அல்ல. காலையில் இருப்பது அவனுடைய உயரம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நேற்று மாலை ஆறு மணிக்கு அவனைப் படுக்க வைத்தேன். கட்டிலில் படுத்தால் பிறகு தூக்க முடியாது என்பதால், பின்கட்டில் கழற்றி வைத்திருந்த பழைய கதவு ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ஜமக்காளம் விரித்துப் படுக்கச் சொன்னேன். ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்கவில்லை.

இன்று காலை ஐந்தரை மணிக்கு, செங்கல் சிமெண்டு ஏற்றும் ட்ரைசைக்கிள் வைத்திருக்கும் சோணைமுத்துவும் செல்வக்குமாரின் நண்பர்கள் மூவரும் கதவோடு அவனைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். வேகத்தடையில் சரிந்து விழாமல் இருக்க, என் கணவரின் பழைய வேட்டித் துணியைக் கிழித்து மார்புக்குக் குறுக்கே ஒரு கட்டும் முழங்காலுக்குக் குறுக்கே ஒரு கட்டும் போட்டேன். தூசி படாமல் இருக்க வெள்ளைப் படுக்கை விரிப்பால் கழுத்து வரை மூடினேன். என்னிடம் இருப்பவை எல்லாம் வெள்ளை விரிப்புகளே. சோணைமுத்து அவனிடம், "மாப்ள, நீ மூச்ச மட்டும் விடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்.

முனீஸ்வரி கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அழத் தொடங்கினாள். "எம்மா, உசுரோட இருக்கிற புள்ளையக் கட்டித் தூக்கிட்டுப் போறது மனசுக்கு ஒப்பலம்மா" என்றாள். அழுவதாக இருந்தால் வீட்டிலேயே இரு என்றேன். இருக்கவும் மாட்டாள், நிறுத்தவும் மாட்டாள். நான் பின்னால் ஆட்டோ ரிக்‌ஷாவில் வருவதாக இருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்காததால் கையில் அளவுகோலுடன் வண்டியின் பக்கவாட்டில் நடந்தேன். கால் வலித்தபோது சோணைமுத்துவின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

செல்லூரை நெருங்கும்போது ஒரு டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்கு அது எதற்கென்று உடனே தோன்றவில்லை. அதன் பிறகு முனீஸ்வரிக்குப் பழக்கமான இருளாயி என்ற காய்கறிக்காரப் பெண் கூடையை அப்படியே ரோட்டோரம் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஏத்தா முனீசு, நேத்துக்கூட எங்கிட்ட வெண்டைக்கா வாங்கிட்டுச் சிரிச்சிட்டுப் போச்சே இந்தப் புள்ள" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். முனீஸ்வரி பதில் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவளோ இருளாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். அழாதே, பையன் நன்றாக இருக்கிறான் என்று நான் இருளாயியிடம் சொன்னேன். "ஆமா ஆத்தா, அவனுக்கென்ன, போய்ச் சேந்துட்டான். நமக்குத்தான் பாடு" என்றாள். அவளிடம் விளக்கிச் சொல்ல வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நேரமாகும். ஆகவே நிறுத்தவில்லை. அவள் எங்களோடு நடந்து வந்தாள். அவளோடு மேலும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு பூக்காரர் சாமந்தி மாலை ஒன்றைக் கொண்டுவந்து செல்வக்குமாரின் மார்பில் வைத்துவிட்டுக் காசு கூட வாங்காமல் போய்விட்டார். அதை நான் எடுத்து வண்டியின் ஓரத்தில் வைத்தேன். ஆனால் உதிர்ந்த இதழ்கள் அவன் முகத்தருகே கிடந்ததைக் கவனிக்கவில்லை.

இவ்வளவுக்கும் செல்வக்குமார் கண்ணைத் திறக்கவில்லை, பேசவில்லை. தலையைத் தூக்காதே, வாயைத் திறக்காதே என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. ராணுவத்துக்கு அவனைவிடப் பொருத்தமானவன் கிடைக்கமாட்டான் என்பது என் கருத்து. அதை எழுத வேண்டியதில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

காலை 7.05 மணிக்குத் தல்லாகுளம் தாண்டித் தடுப்பு வைத்திருந்த இடத்துக்கு வந்தோம். முகாமுக்கு ஆயிரக்கணக்கான பையன்கள் வந்திருந்ததால் வண்டிகளை விடவில்லை. அங்கே பணியில் இருந்த காவலர் மலைச்சாமி எங்களைப் பார்த்ததும், "ஏய், ஓரங்கட்டுங்க, பஸ்ஸ நிப்பாட்டு" என்று இரண்டு பேருந்துகளை நிறுத்தித் தடுப்பைத் தாமே நகர்த்தினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில், உண்மையை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்கிறார். தடுப்பை நகர்த்தியபோது, வயதான பெண்மணிக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றியபோது, அவரும் பிணம் என்றே நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. வண்டி அதற்குப் பிறகு நகர்ந்த தூரம் நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடிக்கு நான் பொறுப்பு. அதை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முந்தின ஏழு கிலோமீட்டருக்கு நான் பொறுப்பல்ல. பார்த்தவர்கள் தாங்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு காவலர் மலைச்சாமி குறிப்புப் புத்தகத்துடன் வண்டிக்குப் பின்னாலேயே வந்து, "பேரு என்னம்மா? எழுதிக்கிறணும்" என்று முனீஸ்வரியிடம் பையனின் பெயர் கேட்டார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சாமந்தி இதழ் மூக்கில் பட்டுச் செல்வக்குமார் தும்மினான். தும்மிய பிறகு இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்தானோ என்னவோ, தலையைத் தூக்காமலே, "செல்வக்குமார்ண்ணே. உயரம் பாக்க நேரமாச்சு, விடுங்கண்ணே" என்றான். காவலர் பின்னால் குதித்தார். தடுப்பின் கால் தட்டி விழுந்து இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. நான் அவரைத் தள்ளவில்லை. அளவுகோல் அவர் மேல் படவில்லை. இருளாயி கும்பிட்டபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். பேருந்துக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டேய், பொணம் பேரு சொல்லுதுடா" என்று வரிசையில் நின்ற பையன்கள் கத்தினார்கள். காவலருக்குக் கோபம் வந்ததற்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் கட்டுகளை அவிழ்த்து, "எந்திரிடா" என்றார். நிற்க வைக்காதீர்கள், வழக்குப் போடுவதானாலும் படுத்தபடியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் மூன்று முறை சொன்னேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது திட்டு என்று காவலர் எழுதியிருக்கிறார். அது திட்டுதான்.

அதன் பிறகு செல்வக்குமாரை நிலையம் வரை நடத்திக் கூட்டிவந்தார்கள். 7.25 மணி முதல் நிலையத்து வராந்தாவில் நிற்க வைத்தார்கள். உட்காரச் சொன்னால்கூடத் தேவலை, உட்காரவும் விடவில்லை. மைதானத்தில் உயரம் பார்க்கும் வாசலை 9.30 மணிக்கு மூடுவார்கள் என்று எட்டு மணிக்கு ஒரு முறையும் எட்டரைக்கு ஒரு முறையும் சொன்னேன். 9.10 மணிக்கு நிலையத்துக் கதவு நிலையில் நானே அவனை அளந்தேன். 165.6. கதவு நிலையில் இருக்கும் பென்சில் கோடு என்னுடையதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இன்று நேரத்தோடு விட்டிருந்தால் அவனுக்கு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருந்திருக்கும் என்று உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். "பாட்டி, மொதல்ல அந்தக் கம்ப எங்கிட்ட குடுங்க" என்றார். அது கம்பு அல்ல, முத்திரை இட்ட அளவுகோல். என்னைப் பாட்டி என்று அழைக்க வேண்டியதும் இல்லை. எனக்குப் பெயர் இருக்கிறது, மேலே முதல் பத்தியில் எழுதியிருக்கிறது. அவர் அதை வாங்கி, ஆயுதம் என்று குறித்து, மேசைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

9.30 மணிக்கு வாசலை மூடிவிட்டார்கள். அப்போது செல்வக்குமார் வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டினான். 

முனீஸ்வரி அழுகையை நிறுத்தியது அப்போதுதான். யாரிடமும் சொல்லாமல் மைதானத்துக்கு நடந்து போய், வாசலில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு, மதுரை மாவட்டத்துக்கு நாளை கடைசி நாள், இன்று பையன் வராததற்குக் காவல் நிலையத்திலிருந்து எழுத்தில் காரணம் கொண்டுவந்தால் நாளை காலை ஏழு மணிக்கு முதல் வரிசையில் விடுகிறேன் என்று சொல்லியனுப்பினாராம். இதை அவள் பத்தரை மணிக்கு வந்து சொன்னாள்.

காவலர் மலைச்சாமி கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, "எனக்கும் செலக்சன் அன்னைக்கி அர சென்டி பத்தலம்மா" என்றார். பத்தாததை எப்படிச் சரிக்கட்டினார் என்பதையும், இன்றும் தலையில் எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்பதையும் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரம் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் எழுந்து, நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரை வெளியே போகச் சொல்லி, ஒற்றைக் கையாலேயே பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, செல்வக்குமாரைப் பார்த்து, "படுடா" என்றார். இந்த வாக்குமூலம் எழுதப்படும் இந்த நேரத்தில் அவன் அந்தப் பெஞ்சில் படுத்திருக்கிறான்.

மேலே உள்ளதை வேறொருவர் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லி நானே வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தேன். "பிணத்தின் பெயர்" என்று எழுதியிருந்த இடத்தில் "பையனின் பெயர்" என்று திருத்தச் செய்தேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. நான் சொன்னவை நடந்தபடியே இருக்கின்றன. இதில் கையெழுத்துத் தேவையில்லை என்றார்கள். கையெழுத்து இல்லாத காகிதத்தை நான் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை என்பதால் போட்டிருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். செல்வக்குமார் இன்று காலை 7.25 முதல் இந்த நிலையத்தில் இருந்தான் என்று ஒரு கடிதம் தர வேண்டும். என் அளவுகோலைத் திருப்பித் தர வேண்டும். நாளை காலை படுத்தபடி வரும் உயிருள்ள ஒருவரைத் தடுப்பில் விடுவார்களா மாட்டார்களா என்பதைத் தெரிவிக்க வேண்டும். மூன்றுக்கும் பதிலை இன்று மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆறு மணிக்கு அவன் படுக்க வேண்டும்.

(ஒப்பம்)
ல. பத்மாசினி
12.08.2003